மூலையைப் பார்த்த பள்ளிவாசல்

மியூனிக், 2006. ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், பழைய டயர் கடைக்குள் நிற்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த நம்மாட்கள் போன வருஷம் இதைப் பள்ளிவாசலாக்கியிருக்கிறார்கள். மினாரா கிடையாது, இரும்பு ஷட்டர்தான். விரிப்புகள் சுவருக்கு நேராக இல்லாமல் ஒரு மூலையைப் பார்த்துக் கோணலாகக் கிடக்கின்றன.

வாப்பா மௌத்தாகி நாற்பது நாள். ஊருக்குப் போக முடியவில்லை. லைப்சிக்கில் நான் சமையல் வேலை பார்க்கும் கடையின் மாடியில் தினமும் தனியாகத் தொழுது அவருக்காக துஆ கேட்கிறேன். இன்று ஒரு வேலையாக மியூனிக் வந்த இடத்திலும் அதே பழக்கத்தில் மேற்கே திரும்பி, தொழுகையைத் தொடங்கக் கையை உயர்த்தி தக்பீர் கட்டப் போகிறேன்.

"தம்பி, அந்தப் பக்கம் பாரிஸ்!"

விரிப்பைக் கூட்டிக்கொண்டிருந்த காயல்பட்டினத்து அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, கத்துகிறார். "மக்கா இங்கேர்ந்து தென்கிழக்கு. அந்த மூலை."

"ஊர்ல மேற்குதானே காக்கா?"

"நாங்க ஏழு இன்ஜினியர் சேர்ந்து மேற்குச் சுவர்லதான் மக்கா திசை காட்டுற மிஹ்ராப் வளைவை வரைஞ்சோம். துருக்கிக்காரர் ஒருத்தர் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். பெயிண்ட் காயறதுக்குள்ள அழிச்சோம்."

உயர்த்திய கையை இறக்குகிறேன். "அப்ப நாற்பது நாளா நான் கேட்டது வாப்பாவுக்குச் சேராதா?"

"தெரியாம செஞ்சதுதானே, சேரும். பாரிஸைச் சுத்திட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான்."

குபீரென்று சிரித்துவிடுகிறேன். தூத்துக்குடியைத் தாண்டாத வாப்பா, என் புண்ணியத்தில் பாரிஸ் பார்த்துவிட்டார்.