பத்து நிரை கீழே போன பூமி

செயற்கைக்கோள் ஆகாயத்திலிருந்து பூமியின் ஈர்ப்பைக் கணக்குப் போட்டுவிடும். அது சரியா என்று ஈர்ப்பை அளக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறி அட்டைக்கடி வாங்குவதுதான் நம் பிழைப்பு, உங்களுக்குத் தெரியாததா! அந்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் எனக்கு நிச்சயதார்த்தம் வேறு. வெள்ளிக்குள் நான் அளக்க வேண்டிய நாற்பது இடமும் செயற்கைக்கோள் கணக்கோடு ஒத்துவராவிட்டால் மலை முழுக்க மறுபடி அளக்கணும்.

மேட்டில் கம்மி

பிரிஞ்சாங் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெட்டி பக்கத்தில் யாராவது நடந்தாலே எண் குதிக்கும். கொழுந்துக் கூடையோடு சரோஜா அக்கா வந்து என்னவென்று கேட்டார். "பூமியோட இழுப்பை அளக்கிறேன்க்கா. மேட்டுல கம்மி, பள்ளத்துல கூட" என்றேன்.

அக்கா தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "இந்த மேட்டுல கம்மியா? ஏறிப் பார்த்துட்டுத்தான் பேசுறியா தம்பி?"

கங்காணியின் தராசு

கங்காணி முனியாண்டி அண்ணனுக்கு எடையைக் குறைக்கச் சொல்லி கிளினிக்கில் கண்டிப்பு. 'மேட்டில் கம்மி' அவர் காதுக்கும் போய்விட்டது. மறுநாள் வீட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு உச்சிக்கே வந்துவிட்டார். ஏறி நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். வீட்டில் காட்டிய எடையைவிட்டு முள் அசையவே இல்லை. ஒரு கரண்டி சீனி அளவுதான் குறையும் என்று மெதுவாகச் சொன்னேன்.

மூச்சு வாங்க என்னை முறைத்தார். "ஒரு கரண்டி சீனிக்கா லா என்னை இவ்வளவு தூரம் ஏற வெச்சே?"

சிவப்புக் கொடி

வெள்ளிக்கிழமை ஒரே ஒரு இடம் செயற்கைக்கோள் கணக்கோடு ஒத்துவரவில்லை. பூமி அங்கே கூடுதலாக இழுத்தது. "எல்லாத்தையும் திரும்ப அள" என்றார் போனில் மேலாளர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓடிப்போய் உயரத்தை மறுபடி அளந்து பார்த்தேன். திங்கட்கிழமை உயரம் அளந்து நான் நட்ட சிவப்புக் கொடி அந்த இடத்தில் இல்லை, தேயிலைச் செடிகளில் பத்து நிரை கீழே நின்றது. பறித்து முடித்த இடத்தில் குச்சி நட்டுவைப்பது அங்கே வழக்கம். சரோஜா அக்கா என் கொடியையே பிடுங்கி, அன்றன்றைக்கு விட்ட நிரையில் நட்டிருக்கிறார். புதன்கிழமை நானும் கொடியை நம்பிக் கீழேயே பெட்டியை வைத்திருக்கிறேன், மடையன்! பழைய குழியைத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தேன். ஒத்துவந்தது. அப்பாடா!

செயற்கைக்கோள் விஷயத்தைச் சொன்னதும் அக்கா ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தார். "குச்சி மாத்தி நட்டதை அங்கேருந்தே கண்டுபிடிச்சிருச்சா? அப்ப அதையே எங்களுக்குக் கங்காணியா போடச் சொல்லு லா!"

ஞாயிற்றுக்கிழமை மோதிரம் போட்டாச்சு. ஆகாயத்தில் எது சுற்றினாலும், நம் கல்யாணம் நடப்பதும் நிற்பதும் யார் எந்தக் குச்சியைப் பிடுங்கி எங்கே நட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது.