மூன்றாம் தரம் மெல்ல

2011இல் பாரிசில் லா சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தைக் கூட்டித் துடைப்பது என் வேலை. நான் சைவக்காரன், ஊர்க் கோயில் பஜனையில் தாளம் போட்டவன். பாட்டு எது காதில் விழுந்தாலும் என்ன ஏது என்று விசாரிக்காமல் விடமாட்டேன். அது ஒரு வியாதி.

மேல்மாடத்தில் ஓர்கன் வாசிக்கும் மதாம் ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தார். நூறு வருடத்துக்கு முந்திய ஒரு ஜெர்மன்காரர், நோயோடு இருந்த கடைசிக் காலத்தில் எழுதியதாம். உலகத்தை விட்டுப் போகிறேன் என்று சொல்லும் பழைய தேவாலயப் பாட்டொன்றின் மெட்டு. ஒவ்வொரு அடியும் முதலில் உரக்க வரும். பிறகு அதன் வால் மட்டும் மெல்ல ஒருதரம், இன்னும் மெல்ல ஒருதரம்.

"ஏன் மூன்றுதரம்?" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

"எனக்கும் தெரியாது. மிசியே, உங்களுக்கு நேரம் இருக்கிறதா?"

கையும் காலும் வாசிப்பில் இருக்கையில், சத்தத்தைக் குறைக்கப் பக்கத்தில் நின்று குமிழ்களை உள்ளே தள்ள ஒரு ஆள் வேண்டும். இத்தனை வருடமும் அதைச் செய்தவர் அவருடைய கணவர். அவரை இப்போது டாக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள்; மாடி ஏற முடியாது. கீழே இருந்தாவது இதை ஒருதரம் முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

எனக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது, ஆதிதாளம் தெரியும். எட்டு எட்டாக எண்ணி, எந்த எண்ணிக்கையில் எந்தக் குமிழ் என்று பாடமாக்கினேன். வீட்டிலும் தொடையில் தட்டியபடி திரிந்தேன்.

"என்னப்பா, பாரிசிலையும் நுளம்பு கடிக்குதோ?" என்றாள் மனைவி.

ஒரு செவ்வாய் மத்தியானம் மதாமின் கணவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து கீழே விட்டார்கள். வேறு ஒருவரும் இல்லை. நான் சப்பாத்தைப் படியடியில் கழற்றிவிட்டு ஏறினேன். குமிழ் ஒன்றும் பிசகவில்லை, கைதான் பிசகியது. கடைசி அடி மூன்றாம் தரம், மூச்சுவிட்டாலும் கேட்கும் அமைதியில் வரும்போது, என் இடக்கை தன்பாட்டில் தொடையில் பட்டென்று அடித்தது. அது தேவாலயம் முழுவதும் கேட்டது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே கீழே இறங்கி அவரிடம் போனேன்.

"மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்கள் தாளம் இப்படித்தான் போடுவார்கள். கெடுத்துவிட்டேன்."

அவர் என் கையைப் பிடித்தார். "இங்கேயிருந்து மேலே ஒன்றும் தெரியாது. நான் நின்ற இடம் வெறுமையாக இருக்குமே என்று பயந்துகொண்டுதான் கேட்டேன். நீங்கள் தட்டியபோதுதான் அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. இன்னொருதரம் வாசிக்கச் சொல்கிறீர்களா?"

ஏன் மூன்றுதரம் என்று அவரிடம் கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. திரும்ப ஏறிப்போய், இந்தமுறை முதலடியிலிருந்தே தட்டினேன், அவருக்குக் கேட்கிற மாதிரி.