ஹோய்ட் வைத்த புள்ளி

ஏப்ரல் பிறந்தால் என் நிலத்துக்கு நிம்மதி கிடையாது. வான்கோழி வேட்டை சீசன் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது பாதி ஊர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு என் கொட்டகைக்குப் பின்னால் வந்துவிடும். நாற்பது கஜத்தில் ஒரு அட்டைப்பெட்டி, அதில் வான்கோழித் தலை வரைந்த தாள். சுட்டு முடித்ததும் தாளில் பெயர், தேதி, எந்தத் தோட்டா என்று எழுதிக் கொட்டகைச் சுவரில் குத்திவிட்டுப் போவார்கள். எவன் ஆரம்பித்த வழக்கமோ, குப்பை கூட்டுவது நான். இந்த முறை பசுக்கள் வரிசையாகக் கன்று போட்டதில் மூன்று வாரமாகத் தூக்கமில்லை. யாரும் வராதீர்கள் என்று சொல்லத்தான் இருந்தேன். லோரீன் வந்து இறங்கியதும் வாய் வரவில்லை.

லோரீன் மேப்ஸ் இருபத்தேழு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பனி உறைந்த ஜல்லிச் சாலையில்கூட வண்டியை ஒரு நாளும் பள்ளத்தில் இறக்கியதில்லை. ஜனவரியில் அவள் புருஷன் ஹோய்ட் பக்கவாதத்தில் போய்விட்டான். அடக்கம் முடிந்த மறுநாளே வண்டி எடுத்தாள். என்ன அவசரம் என்று கேட்டதற்கு, பிள்ளைகள் ரோட்டில் நிற்குமே என்றாள். அவள் அழுது நான் பார்க்கவில்லை. நாளுக்கு நாள் களைத்துப்போனதைத்தான் பார்த்தேன்.

கொண்டுவந்தது ஹோய்ட்டின் துப்பாக்கி. மேலே குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி தெரியும் கண்ணாடி. புள்ளியை நகர்த்தும் திருகு அசைந்தால் தெரியட்டும் என்று, லோரீனின் நகப்பூச்சை வாங்கி அதன்மேல் கோடு போட்டிருந்தான். அந்தத் திருகைத் தொடாமல் இந்த வசந்தத்தில் ஒரே ஒரு வான்கோழிச் சேவலைச் சுட வேண்டும். அதுதான் அவள் ஆசை.

"அந்த மனுஷன் வச்சது வச்சபடியே இருக்கட்டும், க்ளெட்டஸ். ஒண்ணே ஒண்ணு. அப்புறம் துடைச்சு உள்ள வச்சிடுவேன்."

ஆனால் குறி சரியாக இல்லாமல் காட்டுக்குப் போகிறவள் அல்ல. அடிபட்ட பறவை புதருக்குள் ஓடிச் செத்தால் அவளுக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்காது.

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, வைக்கோல் கட்டின்மேல் துப்பாக்கியை வைத்துச் சுட்டாள். ரவை முழுக்க வலப்பக்கம், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே. அசதியில் கை கோணுகிறது, வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றேன். முறைத்தாள்.

"கை நேரா இருக்கறதாலதான் இருபத்தேழு வருஷமா பொழப்பு ஓடுது. எங்க, நீ சுடு பார்ப்போம்."

சுட்டேன். இந்த வயதில் அந்தத் தோட்டாவின் உதை தோளைக் கழற்றிவிடும். எனக்கும் அதே வலப்பக்கம், அதே ஒரு சாண்.

கண்ணாடி ஆடவில்லை. நகப்பூச்சுக் கோடு கீறலில்லாமல் இருந்தது. தோட்டாவும் ஹோய்ட் மிச்சம் வைத்த அதே ரகம். பிறகு எங்கே கோளாறு? சுவரில் போன வருடத் தாள்கள் இன்னும் தொங்கின. பிடுங்க எனக்குச் சோம்பல். ஹோய்ட்டின் தாளை எடுத்து வந்தேன். அதே தூரம், அதே தோட்டா. தலை நட்டநடுவில் சல்லடையாகியிருந்தது.

போன வருடம் ஹோய்ட் அதைச் சுட்ட மத்தியானம் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு பெட்டி தோட்டாவைக் காலி செய்தான். சுடுவான், திருகுவான், மறுபடி சுடுவான். வான்கோழிக்கு மிச்சம் வைப்பா என்று கேலி செய்தேன். குளிருகிறது என்று வலது கையைத் தேய்த்துக்கொண்டான். வெயில் அன்று சுள்ளென்று அடித்தது. பக்கவாதம் அப்போதே கையைத் தொட்டிருக்கிறது. விரல் சொன்னபடி கேட்காமல், விசையை மொத்தக் கையாலும் இழுத்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் குழல் இடப்பக்கம் போயிருக்கிறது. கையைப் பற்றி ஒருவரிடமும் மூச்சுவிடாமல், புள்ளியை அதற்கு ஈடாக நகர்த்தி வைத்துவிட்டான்; அதனால்தான் நேரான கைக்கு ரவை வலப்பக்கம் போகிறது. படுபாவி.

லோரீனிடம் மெதுவாகச் சொன்னேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காபி கப்பை ரெண்டு கையால பிடிச்சான். கிழவா, உனக்கு வயசாயிடுச்சுன்னு சிரிச்சேன்."

பையிலிருந்து ஒரு சில்லறைக் காசை எடுத்துத் திருகின் பிளவில் வைத்தாள். பிறகு திருகினாள். நகப்பூச்சு உதிர்ந்தது. திருகு க்ளிக் என்று போடும் ஒவ்வொரு சொடுக்கையும், பேருந்தில் ஏறும் பிள்ளைகளை எண்ணுவதுபோல வாய்விட்டு எண்ணினாள். ஒரு முறை சுட்டுப் பார்த்து, இன்னும் நான்கு திருகினாள். அடுத்தது தலையின் நடுவில் விழுந்தது.

தாளில் பெயரும் தேதியும் எழுதி, ஹோய்ட்டின் தாளையும் வாங்கி, இரண்டையும் சுவரில் பக்கம்பக்கமாகக் குத்தினாள்.

"பதினெட்டு, க்ளெட்டஸ். பதினெட்டு சொடுக்கு தூரம் கை போயிருக்கு. ஒரே கட்டில்ல படுத்திருந்தேன், எனக்குத் தெரியல."

நானும்தான் பக்கத்தில் நின்று கேலி செய்தேன். மூன்று மணிக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று வாளியைத் தூக்கப் போனவள், அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.