சகலையின் படகு நகராத நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், காணும் பொங்கலுக்கு மறுநாள். பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு கிராமத்தில் என் மாமனார் வீடு. மாலை மணி நாலு பத்து என்று டைரியில் இருக்கிறது.

சகலையும் நானும் சென்னையில் புரோகிராம் எழுதுகிறவர்கள். அவர் செல்போன் விளையாட்டுகளுக்கு, நான் கம்பெனிகளின் அலுவலக வேலைகளுக்கு. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் எந்தக் குழு என்றைக்கு வலை போடுவது என்று ஊரில் முறை வைப்பார்கள். அதைப் பாடு என்பார்கள். அந்த வரிசையைப் போட்டுத் தர ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். மாமனாரிடம் கேட்டுக் குறித்துக்கொண்ட விதிகள் பதினொன்று. ஆறு மணிக்கு ஊர்க் கூட்டத்தில் காட்ட வேண்டும்.

வீட்டில் ஒருவரும் என் லேப்டாப் பக்கம் திரும்பவில்லை. இதே ஏரியை வைத்துச் சகலை செய்துகொண்டிருந்த விளையாட்டைத்தான் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"காத்துக்கு ஏத்த மாதிரி படகு ஆடணும். ரெண்டு நிமிஷம் போரடிச்சாலே தூக்கிப் போட்டுடுவாங்க" என்று அவர் தன் கஷ்டத்தைச் சொன்னார்.

"உங்களுது தப்பானா திரும்ப ஆடலாம், சகலை. என்னுது தப்பானா ஒரு குழுவோட பொழப்பே போயிடும்" என்றேன். குத்த வேண்டும் என்றேதான் சொன்னேன்.

அப்போது சகலையின் போனில் அந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்த மாமனார் கத்தினார். "இன்னா மாப்ள, படகு நவுரவே மாட்டேங்குது?"

"ஆட்டத்துல இன்னிக்கு ஊர்ல சாவு மாமா. யாரும் தண்ணியில எறங்கக் கூடாதுனு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் சகலை.

"அடப்பாவி! அப்ப என் பாடு இன்னா ஆவும்?"

"நாளைக்குத் தள்ளிப் போயிடும். எல்லாரோடதும் ஒரு நாள் தள்ளும்."

மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். என் பதினோரு விதிகளில் அது இல்லை. என் வரிசைப்படி, சாவு விழுந்த நாளில் யார் முறையோ அவர்கள் முறை அதோடு போச்சு.

"இத ஏன் மாமா என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேனே மாப்ள. மொதல்ல இவரு ஆட்டத்துல சாவன்னிக்கும் படகு போச்சு. பாத்துனு சும்மா இருக்க முடியுமா? திட்டினேன்."

ஆறு மணிக் கூட்டத்தில், இதில் தப்பு இருக்கிறது, ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். சகலை பக்கத்திலேயே நின்றார். ஒரு வார்த்தை கிண்டல் இல்லை. அது இன்னும் எரிந்தது.

இப்போது என் புரோகிராமில் பன்னிரண்டு விதிகள். சகலையின் மேல் பொறாமை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அவருடைய விளையாட்டைப் பார்த்து அல்ல, பாதி வேலையிலேயே அதை மாமனார் கையில் கொடுத்துத் திட்டு வாங்க அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லையே, அதைப் பார்த்து.