மிதிபட்ட தண்ணீர்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். டொரதி அளந்து போட்டுவிட்டு, அளவுகோலையும் சந்தேகப்படுவாள். குட்ஷெட் பஸ் நிலையத்தில் நிற்கும் பஸ்ஸில் தெல்தோட்டை என்று பலகை இருந்தாலும் கொண்டக்டரிடம் கேட்பாள், பிறகு ட்ரைவரிடமும் கேட்பாள். பக்கத்து மேசையில் இருக்கும் என்னிடம், "என் சாப்பாட்டுப் பெட்டிய தொறந்தியா?" என்று கேட்டவள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

கண்டியில் எங்கள் பொறியியல் அலுவலகத்தில், கணினியில் வெள்ளம் ஓடவிடுவது அவள் வேலை. தண்ணீரை வலைபோலக் கட்டம் கட்டிப் பிரிக்காமல், இலட்சக்கணக்கான தனிப் புள்ளிகளாக அவிழ்த்துவிட்டுப் பார்க்கும் முறை அது.

அந்த வாரம் தெல்தோட்டைப் பக்கத்து ஓடை ஒன்று. கட்டப்போகும் தடுப்புச் சுவரின் உயரம் போதுமா என்று பார்க்க வேண்டும். சுவருக்குக் கீழேயுள்ள தேயிலைத் தோட்ட லயத்து வீடொன்றில் பிள்ளைகுட்டிகளோடு அவளுடைய அண்ணன் சுவக்கின் இருந்தான். வெள்ளம் சுவரின் உச்சிக்கு ஒரு சாண் கீழே நிற்கும் என்றது கணினி. தலைமைப் பொறியியலாளர் நவரட்ணராஜா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

டொரதி விடவில்லை. புள்ளிகளை எண்ணினாள், ஒன்றும் குறையவில்லை. இடைவெளிகளை அளந்தாள்.

"சார், தண்ணிய யாரோ மிதிச்சிருக்காங்க."

யாழ்ப்பாணத்துக்காரரான அவருக்கு விளங்கவில்லை. "என்ன பிள்ளை சொல்லுறீங்கள்?"

"கொழுந்துச் சாக்குல எடம் இல்லன்னா கால் வச்சு மிதிப்போம் சார். ஒரு எல கொறையாது, சாக்குதான் எறங்கும். இங்கயும் புள்ளியெல்லாம் நெருங்கிருச்சு, அதான் மட்டம் கொறைச்சலா காட்டுது. கொழுந்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியுமா?"

அவர் அவளையே பார்த்தார். "உங்கட அண்ணன் அங்கதானே இருக்கிறார்? சுவரை உயர்த்துறதுக்காகச் சொல்லேல்லை எண்டு நான் எப்பிடி நம்புறது?"

டொரதியின் முகம் சிவந்தது. "அண்ணே இருக்குறதாலதான் சார் பார்த்தேன். இல்லன்னா நானும் விட்டிருப்பேன்."

அவர் கதிரையை இழுத்து அவளருகே போட்டு உட்கார்ந்தார். புள்ளிகள் நெருங்காதபடி அழுத்தக் கணக்கைத் திருத்தி, அவர் பார்த்திருக்கவே மறுபடி ஓடவிட்டாள். வெள்ளம் சுவரைத் தாண்டியது. அறிக்கையில் 'பாதுகாப்பானது' என்ற சொல்லை அவர் வெட்டினார்.

"ஓம், சுவரை உயர்த்தச் சொல்லுவம்," என்று எழுந்தவர் கதவடியில் நின்றார். "பிள்ளை, போன வருஷமும் இதே மாதிரி ரெண்டு ஓடை பாத்தனாங்களெல்லோ? அதுகளுக்குக் கீழ ஆர் இருக்கினம்?"

டொரதிக்குத் தெரியவில்லை. எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எதையும் சந்தேகப்படுகிறவள் அந்த இரண்டையும் மட்டும் ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டதில்லை.