புள்ளி சாரின் ஏழாவது பிரதி

காய்ந்த துணிகளை மேசைமேல் கொட்டி, தலையணை உறைகளை நீவி மடித்துக்கொண்டிருந்தாள் தங்கை. ஐம்பத்தெட்டு வயது, அண்ணனுக்கு இன்னமும் பாப்பாதான்.

"பாப்பா, அதை அப்படியே போட்டுட்டு வா. ஒரு தடவை படிச்சுப் பார்த்துடலாம்."

எதைப் படிக்க என்று அவள் கேட்கவில்லை. உயில். ஏழாவது பிரதி.

அண்ணன் முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கல்யாணப் பத்திரிகையோ கல்லூரி மலரோ, அவர் சிவப்பு மையில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இயந்திரம் ஓடும். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விடுபட்டிருந்தால் தூக்கத்திலும் கண்டுபிடிப்பார் என்று அங்கே அவருக்குப் 'புள்ளி சார்' என்று பேர். பெரிய புள்ளி வருகிறார் என்று கேலியும் உண்டு.

அண்ணி இறந்த வருடம் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவள் பாப்பா. இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. வீடு அண்ணன் பெயரில். அவர் எழுதிவைக்காமல் போனால் அது மகனுக்கு. மகனோ, "அப்புறம் வீட்டை வித்துடலாம், அத்தைக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணலாம்" என்று தொலைபேசியில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டான். கெட்டவன் இல்லை. அந்த 'ஏதாவது'தான் அவளை உறுத்தியது.

உயிலில் அவளுக்கென்று இருந்தது ஒரே வரி: ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் வசிக்க அவளுக்கு உரிமை உண்டு. அதை எழுத அண்ணன் தயங்கவே இல்லை. கையெழுத்துப் போடத்தான் கை வரவில்லை. முதல் பிரதியில் தட்டச்சுக்காரர் 'வீடு' என்பதை 'விடு' என்று அடித்திருந்தார். அது பிழைதான், அண்ணன் இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்தடுத்த பிரதிகளில் ஓர் ஒற்று, ஒரு காற்புள்ளி. ஆறாவதில் 'இறந்த பின்' வேண்டாம், 'மறைவுக்குப் பின்' என்று மாற்றினார். ஒவ்வொரு முறையும் சாட்சிக் கையெழுத்துக்கு வந்த பக்கத்து வீட்டு நர்ஸும் அவள் கணவரும் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

"எங்களுக்கும் ஆளுக்கொரு டீ எழுதிவைக்கச் சொல்லுங்கக்கா" என்றாள் நர்ஸ்.

இன்று நாலு மணிக்கு மறுபடி வருகிறார்கள்.

அச்சக வழக்கப்படி திருத்திய பழைய பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் புதிய பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டே வர வேண்டும். பாப்பா படித்தாள். "என் மறைவுக்குப் பின் கமா என் தங்கை தன் ஆயுள் உள்ளவரை..." கூடப் பிறந்தவர் சாவைக் கமாவோடு வாசிக்க முடியாமல் முதல் இரண்டு தடவை பாதியில் நிறுத்திவிட்டாள். இப்போது சாமான் பட்டியல் வாசிப்பதுபோல் வந்துவிட்டது.

முடித்தாள். அண்ணனின் விரல் எங்கும் நிற்கவில்லை.

"சுத்தமா இருக்குல்ல?"

"இருக்கு" என்றவர் மறுபடி மேலிருந்து பார்த்தார். "'தன் ஆயுள்'... 'தனது ஆயுள்'னு இருந்தா நல்லா இருக்குமோ?"

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணே?"

"ஒண்ணுதான்." பேனாவை மூடினார். திறந்தார். "பிழை இருக்கிறவரைக்கும் பிரதி நம்ம மேசையில இருக்கும் பாப்பா. 'அச்சிடலாம்'னு எழுதிட்டா அப்புறம் நமக்கு அங்க வேலையில்ல. எந்திரிச்சுக் கிளம்ப வேண்டியதுதான்."

அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் ஆறு தடவை வாய் திறக்காமல் தேநீர் போட்டாள்.

வாசல் மணி அடித்தது.

"அடுத்த வாரம் வரச் சொல்லேன். ஒரே ஒரு வார்த்தை..."

"அடுத்த வாரமும் நீங்க நல்லாத்தான் இருப்பீங்கண்ணே. அதுக்கடுத்த வாரமும் இருப்பீங்க. நான் கேக்குறது எனக்காக. நாளைக்கு உங்க பையன் சாவியக் கேட்டு வந்து நின்னா, உயில்ல ஒரு கமா பாக்கியிருக்குன்னா சொல்லுவேன்?"

எனக்காக என்று அவள் கேட்டது இருபத்திரண்டு வருடத்தில் இதுவே முதல் தடவை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை; சும்மா கையில் வைத்திருந்தார்.

மணி மறுபடி அடித்தது.

"இன்னைக்குப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

தாளை அவர் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, கதவைத் திறக்கப் போனாள்.