கிளம்பாமல் உட்கார்ந்திருந்தவர்கள்

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெட்டியம்மா என்று பேர். மூலை அறையில் உறுமிக்கொண்டிருக்கும் பெரிய கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதுதான் அவள் வேலை. மேஜைகளில் இருப்பதெல்லாம் வெறும் திரையும் கீபோர்டும். எல்லார் வேலையும் ஓடுவது இவள் பெட்டிக்குள். பழைய பெட்டி. புதுசு கேட்டால் முதலாளிக்குக் காது கேட்காது.

அன்று காலை டாக்டரம்மா வந்து பாஸ்வேர்டைப் போட்டார். ரெஜிஸ்ட்ரியில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டது பெட்டி.

“நேத்து புது பிரிண்டர் சேக்கிறேன்னு ஏதோ நோண்டினியே, அதான்,” என்றார் முதலாளி. “எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி போடு.”

சொல்ல என்ன, வாய்தானே. அழித்துப் போட்டு நிமிர ரெண்டு நாள் பிடிக்கும். அவ்வளவு நேரம் அவளால் தாங்க முடியாது. வெளியே பெஞ்சில் அவள் அக்கா உட்கார்ந்திருந்தாள். மார்பில் ஒரு கட்டி. சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தாகிவிட்டது. முடிவு பெட்டிக்குள் இருந்தது; டாக்டரம்மா அதைப் பார்த்துச் சொன்னால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும். அக்காவுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. இவளுக்கும்தான்.

ரெஜிஸ்ட்ரி என்பது ஒரு மூட்டை அறை மாதிரி. யார் உள்ளே வந்தாலும் அவர்களுடைய எழுத்தளவு, பிரிண்டர் என்று ஆயிரத்தெட்டு விருப்பங்கள் அடங்கிய மூட்டை அங்கே ஏறும். முறையாக லாக் ஆஃப் செய்தால் இறங்கும். இவர்கள் எங்கே செய்கிறார்கள்? திரையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மூட்டை அங்கேயே கிடக்கும். இதைச் சொல்லிச் சொல்லியே அவள் தொண்டைத் தண்ணி வற்றிப்போயிருந்தது.

அந்த அறையின் அளவைக் கூட்டலாம். ஆனால் அதற்குப் பெட்டியை அணைத்துப் போடவேண்டும்; ஓடிக்கொண்டிருக்கிற ரத்தப் பரிசோதனைகள் அத்தனையும் பாழாகும். அதை மதியம் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு யாரையாவது வெளியேற்றினால் போதும்.

உள்ளே யார் யார் என்று பட்டியலைப் பார்த்தாள். போன மாதம் வேலையை விட்டுப் போன காசாளர் இன்னும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனாலும் இது அநியாயம். அவருக்குக் கீழே இன்னும் நாலு பேர். அந்தப் பேர்களைப் பார்த்ததும் அவளுக்கு முகம் செத்துவிட்டது. புது பிரிண்டரைச் சோதிக்க நேற்று அவளே உண்டாக்கிய ஆட்கள். உலகத்தில் எங்கேயும் இல்லாதவர்கள். ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவள் அவர்களை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். இல்லாத ஆட்கள் இடத்தை அடைத்துக்கொண்டதால் இருக்கிற டாக்டர் வெளியே நின்றார்.

தலையில் அடித்துக்கொண்டு ஐந்து பேரையும் கிளப்பினாள்.

“இப்பப் போட்டுப் பாருங்க டாக்டர்.”

திரை திறந்தது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் பாதி அப்பாடாதான். டாக்டரம்மா வெகுநேரம் படித்தார், பிறகு அக்காவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பெட்டியம்மா நடையில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

அக்கா வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரித்தது.

“ஒண்ணுமில்லையாம்டி. வெறும் கொழுப்புக் கட்டி.”

பெட்டியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வாரத்து அழுகை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“உன் பெட்டிக்கு என்னடி கோளாறு?”

“அதுக்கும் ஒண்ணுமில்லைக்கா,” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “இல்லாததெல்லாம் உள்ள உக்காந்துக்கிட்டு இருந்துச்சு.”

“எனக்கும் அதேதான்,” என்றாள் அக்கா. “வா, பசிக்குது.”